டிஎக்ஸ்7-இலிருந்து புதிய கீபோர்டுக்கு: டோனும் விரல் பழக்கமும் தொலையாமல் மாறுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யமஹா டிஎக்ஸ்7 என்ற சின்தசைசர் கீபோர்டு 1983-இல் வந்தது. 1986–87 வாக்கில் அதன் இரண்டாம் தலைமுறை வந்ததும் முதல் மாடலின் உற்பத்தி முடிந்துபோனது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை விற்க மனம் வராமல் 14 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "புதுசுல அந்த சவுண்டு வரல."

அந்தக் குறையை ஒதுக்கித் தள்ள வேண்டாம். ஆனால் காரணத்தைப் பலரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். டிஎக்ஸ்7-இன் 32 வாய்ஸ்களும் (சேமித்து வைத்த ஒலி அமைப்புகள்) சேர்ந்து 4,104 பைட்டுக்குள் அடங்கிவிடும். அவற்றை ஒரு எண்கூட மாறாமல் வெளியே எடுக்கலாம், இன்றைய எஃப்எம் (ஒரு அலையால் இன்னொன்றை அசைத்து ஒலி உண்டாக்கும் முறை) இன்ஜின்கள் பலவற்றில் ஏற்றலாம். மாறியவர்களுக்கு ஏமாற்றம் வருவது வாய்ஸுக்கு வெளியே இருக்கும் மூன்று விஷயங்களால்: கட்டையை அழுத்தும் வேகத்தை அந்தக் கருவி எப்படி அளக்கிறது, மாட் வீலும் (வைப்ரேட்டோ போன்றவற்றைக் கூட்டும் சக்கரம்) பெடலும் என்ன செய்யும்படி வைக்கப்பட்டிருந்தன, ஒலி எந்த வழியாக வெளியே வந்தது. இந்த மூன்றையும் சேர்த்து எடுத்துப்போனால்தான் மாற்றம் முழுமையாகும்.

எதையும் தொடும் முன்: மின்சாரமும் பேட்டரியும்

செகண்ட் ஹேண்டில் வரும் டிஎக்ஸ்7-களில் ஜப்பான் சந்தைக்கான 100 வோல்ட் மாடல்களும் உண்டு. பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜைப் படிக்காமல் நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் பவர் சப்ளை போய்விடும். 100 என்றிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வெறும் பிளக் மாற்றும் அடாப்டர் உதவாது.

உள்ளே இருக்கும் நினைவகத்தைக் காப்பது ஒரு 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி. அது தீர்ந்தால் 32 வாய்ஸ்களும் போய்விடும், அல்லது குப்பையாகி விசித்திரமான இரைச்சல் தரும். பேட்டரியின் நிலையைப் பார்க்க ஃபங்ஷன் பட்டனை அழுத்திவிட்டு 14-ஐ அழுத்துங்கள். திரையில் வோல்ட் தெரியும். 3-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 2.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் இன்றைக்கே டம்ப் (கணினியில் வாய்ஸ்களின் நகல்) எடுத்துவிடுங்கள்.

பேட்டரி மாற்றும் வேலையை டம்ப் எடுத்த பிறகுதான் தொட வேண்டும். பழையதைக் கழற்றும் நொடியில் நினைவகம் அழியும். அது மெயின் போர்டில் நேரடியாக சோல்டர் செய்யப்பட்டிருக்கும். புதிய பேட்டரியின் உடம்பிலேயே சூட்டுக்கோலை வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும். சிஆர்2032 ஹோல்டர் ஒன்றை சோல்டர் செய்து, அது ஆறிய பிறகு பேட்டரியைச் செருகுங்கள். அடுத்த முறை சூட்டுக்கோலே வேண்டியிருக்காது.

32 வாய்ஸையும் கணினிக்கு எடுப்பது

தேவையானவை: ஒரு மிடி (இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு) கேபிள், யூஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ், சிஸ்எக்ஸ் (கருவியின் உள் தரவைச் சுமக்கும் மிடி செய்தி) பதிவு செய்யும் மென்பொருள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன் போதும். இரண்டும் இலவசம்.

இன்டர்ஃபேஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு முனையில் யூஎஸ்பியும் மறுமுனையில் மிடி பிளக்குகளும் நடுவில் சின்னப் பெட்டியும் உள்ள மலிவான கேபிள்கள் நோட்டுகளை ஒழுங்காக அனுப்பும். நீளமான சிஸ்எக்ஸ் வந்தால் பாதியில் தடுமாறும். அவற்றின் பஃபர் சிறியது. டம்ப் தோற்றுப்போவதற்கு முதல் காரணம் இதுதான்.

1. டிஎக்ஸ்7-இன் மிடி அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் மிடி இன்னுக்குக் கேபிள் போடுங்கள்.

2. ஃபங்ஷனை அழுத்தி, பிறகு 8-ஐ அழுத்துங்கள். மிடி சேனல் தெரியும். 1 என்று வையுங்கள்.

3. மறுபடி 8. "சிஸ் இன்ஃபோ அன்அவெயில்" என்று வரும். 'யெஸ்' அழுத்தி அதை "அவெயில்" ஆக்குங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு "கேபிள் சரியில்லை" என்று தேடுபவர்கள் நிறைய.

4. கணினியில் சிஸ்எக்ஸ் பதிவைத் தொடங்குங்கள்.

5. மூன்றாம் முறை 8. "மிடி டிரான்ஸ்மிட்?" என்று கேட்கும். 'யெஸ்'. மிடியின் வேகத்தில் இது முடிய ஏறக்குறைய 1.3 நொடி ஆகும்.

6. கோப்பின் அளவைப் பாருங்கள். சரியாக 4,104 பைட் இருக்க வேண்டும். அதில் 4,096 வாய்ஸ் தரவு, அதாவது ஒரு வாய்ஸுக்கு 128. மீதி தலைப்பும் செக்சம்மும் (பிழை சரிபார்க்கும் எண்) முடிவுக் குறியும்.

அளவு குறைந்திருந்தால் வழியில் பைட்டுகள் உதிர்ந்திருக்கின்றன, இன்டர்ஃபேஸை மாற்றுங்கள். கூடியிருந்தால், பதிவு ஓடும்போது ஏதோ ஒரு வாய்ஸ் பட்டனைத் தொட்டிருப்பீர்கள். சிஸ் இன்ஃபோ திறந்திருக்கும்போது வாய்ஸ் மாற்றினாலே அந்த ஒற்றை வாய்ஸ் 163 பைட்டாக வெளியே போகும். கோப்பை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். வேலை முடிந்ததும் சிஸ் இன்ஃபோவை மூடிவிடுவதும் நல்லது. மேடையில் ஒவ்வொரு வாய்ஸ் மாற்றத்துக்கும் தேவையில்லாத தரவு வேறு கருவிகளுக்குப் போக வேண்டாம்.

கார்ட்ரிட்ஜில் உள்ளவை இந்த டம்பில் வரமாட்டா. உள் நினைவகம் மட்டும்தான் போகும். ஆகவே உள் வாய்ஸ்களைப் பத்திரப்படுத்திய பிறகு, இன்டர்னல் மெமரி புரொடெக்டை நீக்கி, கார்ட்ரிட்ஜை உள்ளே லோடு செய்து, மறுபடி டம்ப் எடுக்க வேண்டும். யமஹாவின் ராம் அல்லாத ரோம் கார்ட்ரிட்ஜ்களில் 32 வீதம் இரண்டு தொகுதிகள் உண்டு, எனவே இரண்டு டம்ப். கடைசியில் உங்கள் சொந்த 32-ஐத் திருப்பி ஏற்ற மறக்காதீர்கள்.

எடுத்த கோப்பை நம்பும் முன் திறந்து பாருங்கள். டெக்ஸ்டு என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் 32 பெயர்களும் வரிசையாகத் தெரிய வேண்டும். தொழிற்சாலைத் தொகுதி என்றால் 1-ஆவது 'பிராஸ் 1', 11-ஆவது 'இ.பியானோ 1', 26-ஆவது 'டியூப் பெல்ஸ்', 32-ஆவது 'டேக் ஆஃப்'. பெயர்கள் சிதைந்திருந்தால் உள்ளேயும் சிதைந்திருக்கிறது என்று பொருள். கோப்பை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். 4 கேபி கோப்புக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

டம்பில் வராதவை: தாளில் எழுத வேண்டியவை

முதல் தலைமுறை டிஎக்ஸ்7-இல் ஃபங்ஷன் அமைப்புகள் வாய்ஸோடு சேமிக்கப்படுவதில்லை. கருவி முழுவதற்கும் ஒரே அமைப்பு. அதனால் அவை சிஸ்எக்ஸ் கோப்பில் இல்லை. கோப்பை வேறிடத்தில் ஏற்றி மாட் வீலைத் தூக்கினால் ஒன்றுமே நடக்காமல் போவது இதனால்தான். வாய்ஸ் கெட்டுவிட்டதாக அப்போது நினைக்கத் தோன்றும்.

ஃபங்ஷன் முறையில் ஒவ்வொரு பட்டனாக அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள்: பாலியா மோனோவா, பிட்ச் பெண்ட் ரேஞ்ச், ஸ்டெப், போர்ட்டமென்டோ முறையும் நேரமும். பிறகு 17 முதல் 32 வரை. இவை நான்கு நான்காக மாட் வீல், ஃபுட் பெடல், பிரெத் கன்ட்ரோலர் (வாயால் ஊதி இயக்குவது), ஆஃப்டர்டச் (பிடித்திருக்கும் கட்டையை மேலும் அழுத்துவது) ஆகியவற்றுக்கு உரியவை. ஒவ்வொன்றிலும் ரேஞ்ச் 0 முதல் 99 வரை, பிட்ச், ஆம்ப்ளிட்யூட், இஜி பயஸ் மூன்றும் ஆன் அல்லது ஆஃப். மொத்தம் 16 எண்கள். போனில் படம் எடுத்தாலும் சரி, ஆனால் ஒவ்வொரு திரையையும் எடுக்க வேண்டும். திரைக்குப் பின்விளக்கு கிடையாது, பக்கவாட்டில் வெளிச்சம் வைத்து எடுங்கள்.

டிரான்ஸ்போஸ் மட்டும் வாய்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தனியாகக் குறிக்க வேண்டியதில்லை.

வெலாசிட்டி: பெரும்பாலோர் தோற்கும் இடம்

மிடியில் வெலாசிட்டி, அதாவது கட்டையை அழுத்தும் வேகம், 1 முதல் 127 வரை. டிஎக்ஸ்7-இன் கட்டைகளை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது 127-ஐ எட்டாது. அந்தக் கால வாய்ஸ்கள் எல்லாம் இந்தக் குறுகிய வீச்சுக்குள் காதால் கேட்டுச் செதுக்கப்பட்டவை. அதே வாய்ஸை 127 வரை தாராளமாக அனுப்பும் புதிய கீபோர்டில் வாசித்தால், அதுவரை யாரும் கேட்காத பகுதி திறந்துகொள்ளும்: பியானோ கண்ணாடி உடைவது போலக் கூசும், பேஸ் உறுமும், பிராஸ் கிழியும்.

இ.பியானோ 1-ஐ எடுத்துக்கொள்வோம். அது 5-ஆம் அல்காரிதத்தில் (ஆப்பரேட்டர்களை இணைக்கும் அமைப்பு), மூன்று ஜோடி ஆப்பரேட்டர்களால் (அலை உண்டாக்கும் அலகுகள்) ஆனது. முதல் ஜோடியில் ஒலிக்கும் ஆப்பரேட்டரின் அதிர்வெண் விகிதம் 1, அதை அசைக்கும் ஆப்பரேட்டரின் விகிதம் 14. நோட்டின் தொடக்கத்தில் கேட்கும் அந்த 'டிங்' இந்த 14-இலிருந்து வருவது, அது விரல் வேகத்துக்கு மிக அதிகமாக வளையும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வெலாசிட்டி கொஞ்சம் கூடினாலே டிங் மட்டும் தனியாக முன்னே வந்து நிற்கும். புதியதில் வாசித்து "இது பிளாஸ்டிக் மாதிரி இருக்கு" என்று சொல்பவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்.

சரிசெய்ய அளவு வேண்டும். டிஎக்ஸ்7-ஐக் கணினியில் இணைத்து, மிடி மானிட்டரில் பார்த்தபடி ஒரு பாட்டை வழக்கம்போல் வாசியுங்கள். பிறகு சில நோட்டுகளை முடிந்தவரை ஓங்கி அடியுங்கள். மிகப் பெரிய எண்ணைக் குறியுங்கள். உதாரணத்துக்கு அது 105 என்று வைத்துக்கொள்வோம். புதிய கீபோர்டிலிருந்து வரும் வெலாசிட்டியை 105/127 ஆல் பெருக்க வேண்டும்: 127 வந்தால் 105, 100 வந்தால் 83, 64 வந்தால் 53.

கணினியில் என்றால் ரெக்கார்டிங் மென்பொருளிலுள்ள வெலாசிட்டி ஸ்கேல் வசதியில் இதைப் போடலாம். யமஹா மோடிஎக்ஸ், மான்டாஜ் கீபோர்டு வகைகளில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் (சேர்த்து ஒலிக்கும் அடுக்குகளில் ஒன்று) வெலாசிட்டி டெப்த் உண்டு; 64 என்பது உள்ளதை உள்ளபடி விடும் நிலை. அதை 53-க்கு இறக்கி, ஆஃப்செட்டை 64-லேயே விடுங்கள். இது தொடக்கப் புள்ளி; இறுதித் தீர்ப்பு காதுக்கு. பொதுவான வெலாசிட்டி கர்வை 'ஹார்ட்' ஆக்குவதும் உதவும், ஆனால் அது பியானோ சாம்பிள்களையும் சேர்த்து மந்தமாக்கும். பார்ட் அளவில் செய்வதே மேல்.

எதற்கு மாறுவது

வாய்ஸ் அப்படியே ஒலிக்க வேண்டும் என்பதே முதல் தேவை என்றால் டெக்ஸ்டு போதும். டிஎக்ஸ்7-இன் கோப்பை மாற்றமே இல்லாமல் படிக்கும், இன்ஜின் தேர்வில் 'மார்க் 1' என்று வைத்தால் பழைய கருவியின் சற்றே சொரசொரப்பான குணத்துக்கு நெருங்கிவரும். காசு கொடுத்து வாங்கத் தயார் என்றால் ப்ளோக் நிறுவனத்தின் சிப்சின்த் ஓபிஎஸ்7 இந்த நுணுக்கத்தில் இன்னும் ஆழமாகப் போகிறது. ஆர்ட்டூரியாவின் டிஎக்ஸ்7 வி, நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்எம்8 இரண்டும் கோப்பை ஏற்கும்.

மேடைக்கு லேப்டாப் கொண்டுபோக விருப்பமில்லாதவர்களுக்கு மினிடெக்ஸ்டு இருக்கிறது. ராஸ்பெர்ரி பை ஒன்றில் ஓடும் இலவச மென்பொருள் இது. ஆடியோவுக்கு ஒரு பிசிஎம்5102 டிஏசி (டிஜிட்டல் எண்களை ஒலி மின்னலையாக்கும்) போர்டு, 16க்கு 2 எல்சிடி, திருகும் என்கோடர் ஒன்று, எஸ்டி கார்டு. இவ்வளவுதான் சாமான். பை 3 அல்லது 4 என்றால் எட்டு டிஎக்ஸ்7-கள் ஒரே நேரத்தில் ஓடும். முதல் பை ஜீரோவில் ஒன்றுதான். கார்டை எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்து, கோப்புகளை ரூட்டிலேயே போட வேண்டும். ஜிப்பைப் பிரித்தபோது உருவான ஃபோல்டரோடு சேர்த்துப் போட்டால் பூட் ஆகாது. ஒலி வரவில்லை என்றால் அமைப்புக் கோப்பில் சவுண்டு டிவைஸ் ஐ2எஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

கட்டைகளோடு ஒரு முழுக் கருவி வேண்டுமென்றால் யமஹாவின் மோடிஎக்ஸ் (2018) அல்லது மான்டாஜ் (2016), அவற்றின் அடுத்தடுத்த மாடல்கள். இவற்றின் எஃப்எம்-எக்ஸ் இன்ஜினில் 8 ஆப்பரேட்டர், 88 அல்காரிதம். டிஎக்ஸ்7 கோப்பை இவை நேராக வாங்காது. யமஹாவே இணையத்தில் தரும் எஃப்எம் கன்வெர்ட்டரில் கோப்பைப் போட்டு மாற்றி, யூஎஸ்பி டிரைவ் வழியாக லோடு செய்ய வேண்டும். மோடிஎக்ஸ்6-இன் எடை 6.6 கிலோ, பழையதில் பாதிகூட இல்லை. ஆனால் அதன் கட்டைகளில் ஆஃப்டர்டச் கிடையாது. கட்டையை அழுத்திப் பிடித்து வைப்ரேட்டோ கொடுத்துப் பழகியவர் வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும், மான்டாஜில் உண்டு. பிரெத் கன்ட்ரோலர் செருகும் துளை இரண்டிலும் இல்லை. யமஹா பிசி1 ஊதி வாசித்தவர்கள் யூஎஸ்பி பிரெத் கன்ட்ரோலருக்குப் போக வேண்டும்.

கோர்க் ஆப்சிக்ஸ் 6 ஆப்பரேட்டர்தான், டிஎக்ஸ்7 கோப்பையும் ஏற்கும். ஆனால் டிஎக்ஸ்7-இன் என்வலப் (ஒலி எழுந்து தேயும் வடிவம்) நான்கு ரேட், நான்கு லெவல். ஆப்சிக்ஸில் இருப்பது வழக்கமான ஏடிஎஸ்ஆர் (எழுச்சி, இறக்கம், நிலை, தேய்வு). ஆகவே எழுந்து, இறங்கி, மறுபடி எழும் வாய்ஸ்கள் தட்டையாகிவிடும். புது ஒலி செதுக்க அருமையான கருவி, பழையதைக் காக்க அவ்வளவு இல்லை. கோர்க் வோல்கா எஃப்எம் (2016) கோப்பைப் படிக்கும். ஒரே நேரத்தில் மூன்றே நோட்டு, மிடி வெலாசிட்டியையும் ஏற்காது. பிறகு வந்த எஃப்எம்2-இல் ஆறு நோட்டும் வெலாசிட்டியும் உண்டு. யமஹா ரீஃபேஸ் டிஎக்ஸைப் பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்: 4 ஆப்பரேட்டர், டிஎக்ஸ்7 வாய்ஸ் அதில் ஏறாது.

ஒப்பிட்டுக் கேட்கும் முறை

இரண்டையும் மாறி மாறி வாசித்து ஒப்பிடாதீர்கள். கை தன் பழக்கத்தில் இரண்டிலும் வேறு வேறாக வாசிக்கும். டிஎக்ஸ்7-இல் வாசித்ததை மிடியாகப் பதிவு செய்து, அதே பதிவை இரண்டுக்கும் அனுப்புங்கள். புதியதில் ரிவெர்ப், கோரஸ், டிலே எல்லாவற்றையும் அணையுங்கள், மோனோவாக்குங்கள். டிஎக்ஸ்7-க்கு ஒரே அவுட்புட், எஃபெக்ட் எதுவும் இல்லை. ஒலி அளவைச் சமமாக்குங்கள். சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

எந்த வாய்ஸில் எதைக் கவனிப்பது? இ.பியானோ 1-இல் மெதுவாகவும் ஓங்கியும் அடித்தபோது டிங் கூடும் அளவை. பேஸ் 1-இல் நோட்டின் முதல் அடியையும், கட்டைகளில் மேலே போகப்போக ஒலி மெலிவதையும். பிராஸ் 1-இல் எழும் வேகத்தை. ஸ்டிரிங்ஸ் தேயும் கடைசிப் பகுதியில் பழையது லேசாகச் சரசரக்கும், அது 12 பிட் டிஏசியின் குணம். புதியது வழுக்கிக்கொண்டு மறையும். டிரெய்ன், டேக் ஆஃப் போன்ற இரைச்சல் வாய்ஸ்கள் ஃபீட்பேக்கை (ஆப்பரேட்டர் தன்னைத்தானே அசைப்பது) நம்பியவை. கன்வெர்ட்டர் வழியாக வந்தவற்றில் இவற்றைத் தனியாகச் சோதித்து, தேவையானால் ஃபீட்பேக் எண்ணைக் கையால் கூட்டிக் குறைக்க வேண்டும்.

டியூப் பெல்ஸில் வேறொரு விஷயம் தெரியும். டிஎக்ஸ்7-க்கு ஒரே நேரத்தில் 16 நோட்டுதான். 17-ஆவது வந்தால் பழையது ஒன்று வெட்டுப்படும். எஃப்எம்-எக்ஸில் மோடிஎக்ஸுக்கு 64, மான்டாஜுக்கு 128. சஸ்டெயின் பெடலை மிதித்தபடி மணிகளை வாசித்தால் பழையது தானாகவே இடம் விட்டுக்கொண்டிருந்தது, புதியதில் எல்லாம் சேர்ந்து குழம்பும். இது குறைபாடு நீங்கியதால் வந்த குறை! ரிலீஸைச் சற்றுக் குறைப்பது அல்லது பெடலை அடிக்கடி எடுப்பது, இரண்டில் ஒன்று செய்ய வேண்டும்.

உலர்ந்த நிலையில் இரண்டும் ஒத்துவந்த பிறகு எஃபெக்ட் சேருங்கள். மனசில் பதிந்திருக்கும் 'அந்தக் காலத்து டிஎக்ஸ்7' என்பது பெரும்பாலும் ஸ்டூடியோவில் கோரஸும் ரிவெர்ப்பும் ஏறிய டிஎக்ஸ்7. வெறும் கருவி அதைவிட வறண்டது.

மேடைக்குக் கொண்டுபோதல்

டிஎக்ஸ்7-இன் உண்மையான வசதி அதன் 32 பட்டன்கள். ஒரு வாய்ஸுக்கு ஒரு பட்டன், கண் பார்க்காமலே விரல் போகும். மோடிஎக்ஸ், மான்டாஜின் லைவ் செட்டில் (மேடைக்கென அடுக்கும் ஒலிப் பட்டியல்) ஒரு பக்கத்துக்கு 16. இரண்டு பக்கங்களில் பழைய எண் வரிசையிலேயே அடுக்குங்கள். பயன்படுத்தாத வாய்ஸ்களின் இடத்தைக் காலியாக விட்டாலும் பரவாயில்லை, வரிசையைக் கலைக்காதீர்கள். பழையதில் வாய்ஸ் மாற்றினால் ஒலித்துக்கொண்டிருக்கும் நோட்டு அறுந்துபோகும். புதியதில் அறாது: மான்டாஜில் 8 பார்ட் வரை, மோடிஎக்ஸில் 4 பார்ட் வரை. அதற்குமேல் அடுக்கினால் பழைய கதைதான்.

தாளில் எழுதிய ஃபங்ஷன் எண்களை இப்போது ஒவ்வொரு வாய்ஸிலும் போட வேண்டும். புதியவை வாய்ஸுக்கு வாய்ஸ் தனி அமைப்பு வைப்பவை என்பதால் வேலை நீளும். மேடையில் நிஜமாகவே வாசிக்கும் பத்துப் பன்னிரண்டு வாய்ஸ்களுக்கு மட்டும் செய்யுங்கள், மற்றவை தேவைப்படும்போது.

பெடல் தலைகீழாக வேலை செய்தால் பயப்பட வேண்டாம். மிதிக்காத நிலையில் பெடலைச் செருகிவைத்து கீபோர்டை ஆன் செய்தால் பெரும்பாலானவை திசையைத் தாமே கண்டுகொள்ளும்.

பழைய கட்டைகள்தான் வேண்டும் என்றால்

சிலருக்கு ஒலியைவிட அந்தக் கட்டைகளே முக்கியம். அப்படியானால் வீட்டிலோ ஸ்டூடியோவிலோ டிஎக்ஸ்7-ஐக் கன்ட்ரோலராக வைத்து, மினிடெக்ஸ்டையோ புதிய மாட்யூலையோ வாசிக்கலாம். அது சேனல் 1-இல் மட்டும் அனுப்பும், எதிர்முனையை அதற்கு ஏற்ப வையுங்கள். லோக்கல் ஆஃப் (கட்டைகளைச் சொந்த ஒலியிலிருந்து துண்டிக்கும் வசதி) கிடையாது. அதன் சொந்த ஒலி வேண்டாமென்றால் வால்யூம் ஸ்லைடரை இறக்குங்கள். வெலாசிட்டி கணக்கு இப்போது திரும்பும்: 105-ஐ 127 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் பியானோ சாம்பிள்கள் மூடிய பெட்டிக்குள் இருந்து கேட்பதுபோல் மங்கும். யமஹாவில் டெப்த் 77 சுமாராகச் சரிவரும். டெக்ஸ்டு, மினிடெக்ஸ்டில் வாசிக்கும்போது மட்டும் இந்தத் திருத்தம் வேண்டாம். அந்த வாய்ஸ்கள் இந்தக் கட்டைகளுக்கென்றே செய்யப்பட்டவை.